குச்சி ஒரு பக்கம், முட்டை ஒரு பக்கம்

போன செவ்வாய்க்கிழமை. பகல் பதினொன்றரை மணி. காவாந்தண்டலத்தில் ஒரு கத்தரித் தோட்டத்து போர்வெல்லுக்கு மேல் குனிந்து நின்றுகொண்டிருந்தேன். ரிப்பேரான மோட்டாரை மேலே இழுக்கிற வேலை. பாதி பைப் வெளியே வந்திருந்தது. மீதிப் பாதி மோட்டாரோடு உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா போன் அடிக்க வேண்டும்?

தோட்டக்காரர் என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, என் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். என் மனைவி செல்வி.

"தனுஷா நைனா, டிராக்டர் வந்துட்டுது. ஓட்டிக்கினு கீறான். நீ ஒண்ணும் கவலப்படாத. குச்சி கீற எடத்த வுட்டுட்டு ஓட்டுன்னு சொல்லிட்டேன். நல்லா பெரிய வட்டமாவே வுட்டுகிறான்."

அவள் குரலில் அத்தனை பெருமை. நானோ ஒரு கையால் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஏன் தெரியுமா? குச்சி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"செல்வி, குச்சிகிட்ட இல்ல... பனமரத்துப் பக்கம்..." என்று கத்தினேன். டிராக்டர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, வீட்டுக்கு வந்து பேசு என்று சொல்லி வைத்துவிட்டாள். தோட்டக்காரர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற பிள்ளைகளுக்கு இதற்குள் விஷயம் பிடிபட்டிருக்கும். புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன்.

நான் மோட்டார் மெக்கானிக். படிப்பு பத்தாவதோடு சரி. பெருநகர் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஊர் முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் வீடு. பின்கதவைத் திறந்தால் நெல் வயல். வயல் எங்களுடையது இல்லை, ஏகாம்பரம் அண்ணனுடையது. ஆனால் அதில் வந்து இறங்கும் பறவைகள் யாருடையவை? அவற்றைத்தான் நானும் ஆறாவது படிக்கும் என் மகள் தனுஷாவும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேமரா, உத்திரமேரூரில் மூடிவிட்ட ஒரு போட்டோ ஸ்டுடியோவிலிருந்து வந்தது. ஜூம் பண்ணினால் 'கர்ர்' என்று கத்தும். மோட்டாரைப் பிரிக்கிற கைதானே என்று அதையும் பிரித்துப் பார்த்தேன். திரும்ப மாட்டியபோது ஒரு ஸ்க்ரூ மிச்சம். இன்றுவரை அந்த ஸ்க்ரூ இல்லாமலே படம் விழுகிறது.

கரண்ட் கம்பியில் கரிச்சான், வேலி ஓரம் தவிட்டுக்குருவிக் கூட்டம், மோட்டார் ரூம் பக்கம் கொண்டையை விரித்து மடக்கும் கொண்டலாத்தி... வீட்டைச் சுற்றி மட்டும் இதுவரை இருபத்தாறு வகை. பெயர், தேதி, எங்கே உட்கார்ந்தது – எல்லாம் தனுஷாவின் நோட்டில் இருக்கிறது. பறவை போய் வால் மட்டும் விழுந்த படங்களுக்கு அவள் தனி நோட்டு போட்டிருக்கிறாள். அந்த நோட்டுதான் தடிமன்.

இந்தக் கோடையில், நெல் அறுத்துத் தாள் மட்டும் நின்ற அந்த வயலில், ஓர் ஆள்காட்டி முட்டை வைத்தது.

ஆள்காட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? நீளமான மஞ்சள் கால். கறுத்த கழுத்து, வெள்ளை வயிறு. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே சிவப்பாக ஒரு தோல். யாராவது வரப்பில் கால் வைத்தால் போதும், தலைக்கு மேல் பறந்து பறந்து ஊரைக் கூட்டிவிடும். ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால் ஆள்காட்டி.

இவ்வளவு சத்தம் போடுகிற பறவையின் கூட்டைப் பார்த்தால் சிரிப்பீர்கள். மரத்தில் இல்லை, புதரில் இல்லை. வெட்ட வெளித் தரையில் ஒரு சின்னப் பள்ளம். சுற்றிலும் கொஞ்சம் பொடிக்கல், ஆட்டுப் புழுக்கை. அவ்வளவுதான் வீடு! நடுவில் நான்கு முட்டைகள். மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகள். பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. மிதித்த பிறகுதான் தெரியும்.

மே மாத வெயிலில் ஆள்காட்டி ஒரு வேலை செய்தது. பகலில் எங்கள் மோட்டார் தொட்டிக்கு வரும். தண்ணீர் குடிக்காது. வயிற்றை மட்டும் நனைத்துக்கொண்டு ஓடும். பைத்தியமா இது என்று நினைத்தேன். தனுஷாதான் ஜூம் போட்டுக் கண்டுபிடித்தாள் – சொட்டச் சொட்ட அந்த ஈர வயிற்றோடு போய் முட்டைமேல் உட்காருகிறது. முட்டைக்கு ஏர்கூலர்! அந்தப் படத்தைத்தான் இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் பார்த்தீர்கள்.

அதற்கு உங்களிடமிருந்து வந்த கடிதங்கள்... அப்பப்பா. குஞ்சு எப்போது வரும்? நாலும் பொரிக்குமா? பாம்பு வந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு குழந்தை நான்கு பெயரை எழுதி, வரிசையாக வைக்கச் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்தக் கடிதத்தைச் செல்வி பிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்துவிட்டாள்.

ஆக, முட்டைகளைக் காப்பாற்றுவது என் வீட்டு வேலை மட்டுமாக இல்லாமல் போய்விட்டது.

இப்போது குச்சிக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து வயல்களில் பூமிக்கடியில் தண்ணீர் பைப் ஓடும். நடுநடுவே வால்வு இருக்கும். டிராக்டர் அதன்மேல் ஏறிவிட்டால் எல்லாம் உடைந்துபோகும். அதனால் வால்வு இருக்கும் இடத்தில் ஒரு குச்சியை நட்டு, தலையில் ஒரு பிடி வைக்கோலைக் கட்டிவிடுவோம். 'இங்கே ஏதோ இருக்கிறது, சுற்றிப் போ' என்று அர்த்தம். எந்த டிரைவராக இருந்தாலும் அந்தக் குச்சிக்கு மரியாதை கொடுப்பார்.

போன வருஷமும் இதே வயலில் ஓர் ஆள்காட்டி முட்டை வைத்தது. புத்திசாலித்தனமாக, முட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு வைக்கோல் குச்சி நட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் குச்சி மேல் ஒரு காக்கை. வெட்ட வெளியில் உட்கார இடமில்லாமல் இருந்த காக்கைக்கு நானே நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறேன். உட்கார்ந்தது, கீழே பார்த்தது... மீதியை நான் எழுதவில்லை.

அதனால் இந்த வருஷம் வேறு திட்டம். குச்சியை முட்டையிலிருந்து பத்து எட்டு தள்ளி நட்டேன். குச்சிக்கு முதுகைக் காட்டி நின்று, வரப்பில் நிற்கும் பனைமரத்தைப் பார்த்துப் பத்து எட்டு வைத்தால் முட்டை. இந்தக் கணக்கு எனக்கும் தனுஷாவுக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். "அம்மாகிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி நைனா" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

காக்கை ஏமாந்தது. தினமும் குச்சிமேல் வந்து உட்கார்ந்து, கீழே பார்த்து, ஒன்றும் இல்லாமல் போனது. அடடா, என்ன மூளை எனக்கு!

ஏகாம்பரம் அண்ணனிடம் போய், உழும்போது ஒரு கட்டில் அளவு இடம் விட்டுவிட முடியுமா என்று கேட்டேன். குருவி முட்டைக்கா என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு கட்டிலுதான? வுட்டுட்டா போச்சி. குச்சி நட்டு வையி, டிரைவர் பாத்துப்பான்" என்றார். நல்ல மனிதர். பத்து எட்டு விஷயத்தை அவரிடமாவது சொன்னேனா? இல்லை. உழுகிற அன்றைக்கு நானே கூட நின்று காட்டிவிடலாம் என்று இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை உழவு என்று சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தின சனிக்கிழமை தனுஷா உத்திரமேரூரில் இருக்கும் அவள் மாமா வீட்டுக்குக் கிளம்பினாள். பஸ் ஏறுகிற வரைக்கும் ஒரே பேச்சுதான் – செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்துவிடுவாள், அதுவரை நான் கிட்டே போகக்கூடாது, தூரத்திலிருந்து மட்டும் பார்க்க வேண்டும், பொரிக்கிற நேரம். "நான் கீறேன் இல்ல" என்று சொல்லி அனுப்பினேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிடுகிறது இந்த வார்த்தை!

ஞாயிற்றுக்கிழமை ஒரு கோடை மழை கொட்டியது.

கோடை மழை பெய்தால் எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை எல்லாம் கிடையாது. ஈரம் காய்வதற்குள் உழ வேண்டும். பக்கத்து வயலில் வேலை முடிந்தால் டிராக்டர் அப்படியே வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்குள் இறங்கிவிடும். செவ்வாய்க்கிழமை நடந்தது அதுதான். நான் காவாந்தண்டலத்தில். தனுஷா உத்திரமேரூரில். வயலில் வேலு என்ற டிரைவர். வரப்பில் செல்வி – குச்சியைக் காட்டிக்கொண்டு.

பாருங்கள், யார்மேல் தப்பு சொல்ல முடியும்? எல்லாரும் சொன்னபடி செய்தார்கள்.

தொங்குகிற பைப்பை விட்டுவிட்டு என்னால் ஓட முடியவில்லை. கைவிட்டால் மோட்டார் அடியோடு போய்விடும், அந்தக் கத்தரித் தோட்டத்துக்குக் கோடை முழுக்கத் தண்ணீர் கிடையாது. மீதி பைப்பையும் இழுத்து, மோட்டாரைத் தரையில் படுக்க வைத்த பிறகுதான் தோட்டக்காரரிடம் சொன்னேன், அவசரமாக வீட்டுக்குப் போக வேண்டும் என்று. யாருக்கு என்ன என்று பதறிப்போய்க் கேட்டார். ஆள்காட்டி முட்டை என்றேன்.

"நீ தலையில அடிச்சிக்கினு நின்னியே, நான் வூட்ல யாருக்கோ முடியலன்னு நெனச்சிட்டேன்பா" என்றார். பிறகு அவரே என் டிவிஎஸ் பிப்டியைத் தள்ளிக் கிளப்பிவிட்டார்.

ரோட்டில் பாதி தூரத்திலேயே வேலு எதிரே வந்தான். டிராக்டருக்குப் பின்னால் மண்ணைக் கிளறுகிற ரொட்டவேட்டர் முழுக்க ஈர மண். வேலை முடிந்துவிட்டது என்று அந்த மண்ணே சொன்னது.

வண்டியை மறித்தேன்.

"இன்னாணா, மூஞ்செல்லாம் வேர்த்துகீது? உன் குச்சிய வுட்டுட்டேன்ணா. வால்வான்னு கேட்டேன், அண்ணி எதோ முட்டன்னாங்க. எதுவா இருந்தா இன்னான்னு பெரிய ரவுண்டா வுட்டேன்."

அவனிடம் என்ன சொல்வது? முட்டை குச்சியின் அடியில் இல்லை, பனைமரத்துப் பக்கம் இருந்தது என்று சொன்னேன். அவன் எஞ்சினை ஆஃப் பண்ணினான்.

"அப்போ அங்க எதுக்குணா குச்சி?"

"காக்காவ ஏமாத்தறதுக்கு."

"நல்லா ஏமாத்தன. என்னயில்ல ஏமாத்திட்ட?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுருக்கென்று இருந்தது. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு ஒரு விஷயம் சொன்னான். பனைமரத்துப் பக்கம் ஓட்டும்போது ஒரு பட்சி றெக்கையை விரித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நின்றதாம். ஹாரன் அடித்தும் நகரவில்லையாம்.

"எறங்கி சூன்னு வெரட்னேன், என் தலைய கொத்த வர்து. பேஜாராப் போச்சி. சரி, நீயே இருடின்னுட்டு வண்டிய பின்னால எடுத்துக்கினு, அந்தாண்ட பக்கம் மொத்தம் ஓட்டிட்டு, கடைசியாத்தான் பனமரத்தாண்ட வந்தேன். அப்போ அது அங்க இல்ல."

"கீழ எதுனா பாத்தியா?"

"வண்டிமேல குந்திக்கினு முட்டையாணா தெரியும்?"

அதற்கு மேல் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. வண்டியைக் கிளப்பினேன்.

வீட்டுக்குப் பின்னால் போய் நின்றபோது, வயல் ரொம்ப அழகாக இருந்தது. வெறுப்பாக இருந்தது எனக்கு, அந்த அழகைப் பார்க்க. ஒரே சீராகக் கிளறிவிட்ட கறுத்த ஈர மண். நடுவில், தீவு மாதிரி, ஒரு வட்டம் நெல் தாள். அதன் நடுவில் என் குச்சி. வைக்கோல்கூட ஆடவில்லை. வேலு கட்டில் அளவு இல்லை, இரண்டு கட்டில் அளவு விட்டிருந்தான்.

குச்சிக்குப் பக்கத்தில் போனேன். முதுகைக் காட்டினேன். பனைமரத்தைப் பார்த்து எண்ணினேன். பத்தாவது எட்டில் உழுத மண்ணில் கால் முட்டிவரை... இல்லை, கணுக்கால் வரைக்கும்தான். அன்றைக்கு முட்டிவரை இறங்கின மாதிரிதான் இருந்தது.

உட்கார்ந்து கையாலேயே கட்டியை உடைத்துத் தேடினேன். செல்வி வரப்பில் நின்று, இன்னும் விவரம் புரியாமல், குச்சி அங்கே இருக்கும்போது இங்கே என்ன நோண்டுகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். பத்து எட்டுக் கணக்கை, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று சிரித்ததை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் திட்டியிருந்தால் தேவலை. பக்கத்தில் வந்து அவளும் மண்ணைக் கிளற ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஊருக்குச் சொல்லிடுவேன்னு பயந்த. இப்போ நீயே ஊருக்கு எழுதணும்" என்றாள்.

அவள் கையில்தான் அது கிடைத்தது. ஒரு துண்டு ஓடு. மண் நிறம், கறுப்புத் திட்டு.

என் கண்முன் தனுஷா முகம் வந்து நின்றது. பிரிட்ஜ் மேல் இருக்கிற நான்கு பெயர் வந்து நின்றது. அடுத்த வாரம் இந்தப் பக்கத்தில் என்ன எழுதுவது? கொண்டலாத்தியைப் பற்றி எழுதிவிட்டு இதைப் பேசாமலே தாண்டிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். உண்மையைத்தான் சொல்கிறேன், நினைத்தேன்.

அந்த ஓட்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் காய்ந்து சுத்தமாக இருந்தது. கரு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. ஓர் எறும்புகூட இல்லை.

எரிந்துபோன மோட்டாரைப் பிரிக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான் – எப்போது உடைந்தது? ஓடும்போது உடைந்ததா, முன்னாலேயே உடைந்திருந்ததா? ஓடும்போது உடைந்தது என்றால் சுற்றிலும் அடையாளம் இருக்கும். கருவோடு நசுங்கிய முட்டை என்றால், இந்த வெயிலுக்கு எறும்பு வரிசை கட்டியிருக்க வேண்டாமா?

"செல்வி, இது நேத்தே ஒடஞ்ச ஓடு" என்றேன்.

"அப்பிடின்னா?"

"உள்ள இருந்தது முன்னாடியே வெளிய வந்திருக்கும்."

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் காதில் விழுந்தது. நான் வயலுக்குள் வந்ததிலிருந்து தலைக்கு மேலே இரண்டு ஆள்காட்டியும் கத்திக்கொண்டே இருக்கின்றன. போன வருஷம் காக்கை வந்துபோன பிறகு அவை கத்தவில்லை. வயலை விட்டே போய்விட்டன. இங்கே ஒன்றும் இல்லையென்றால், இவை யாருக்காகத் தொண்டை கிழியக் கத்துகின்றன?

செல்வி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வந்த காலடியிலேயே கால் வைத்து வெளியே வந்தேன். மோட்டார் ரூம் கதவுக்குப் பின்னால் கேமராவோடு உட்கார்ந்தேன். ஆள்காட்டிக் குஞ்சு பொரித்த சில மணி நேரத்திலேயே எழுந்து நடந்துவிடும். ஆபத்து என்றால் அப்படியே தரையோடு படுத்து மண்ணாகிவிடும். பெரியது வந்து கூப்பிட்டால்தான் எழும். ஆகவே காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

எவ்வளவு நேரம்? மதியச் சோறு ஆறிப்போகிற அளவு நேரம். செல்வி சோற்றை அங்கேயே கொண்டுவந்து வைத்தாள். சாப்பிடவில்லை. அவளும் போகவில்லை.

கத்தல் ஒவ்வொன்றாகக் குறைந்தது. ஓர் ஆள்காட்டி தரையில் இறங்கியது. நான்கு எட்டு நடந்தது, நின்றது, திரும்பிப் பார்த்தது. உழுத மண் வழியாக நேராக... எங்கே போனது தெரியுமா?

குச்சி இருந்த தீவுக்கு.

வயல் முழுக்கக் கிளறிவிட்ட பிறகு, ஒளிந்துகொள்ளத் தாள் மிச்சம் இருந்த இடம் அது ஒன்றுதானே! தாள் ஓரமாகப் போய் நின்று, உட்காருகிற மாதிரி பாதி மடங்கி, இறக்கையைக் கொஞ்சம் தளர்த்தியது. தாளுக்குள்ளிருந்து பஞ்சு உருண்டை மாதிரி எதுவோ ஓடி வந்து வயிற்றுக்கடியில் புகுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

'கர்ர்' என்றது கேமரா. நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். எத்தனை படம் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. செல்வி என் தோளைப் பிடித்த பிடியில் மூன்று படம் ஆடிப்போய்விட்டது.

வேலு அன்றைக்கு வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓட்டப் போனானே, அந்த நேரத்தில்தான் பெரியவை குஞ்சுகளை நடத்திக் கொண்டுபோயிருக்க வேண்டும். பாதை காட்டியது நானில்லை. என் மூளை காட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு பறவை முறைத்தது, ஒரு டிரைவர் இறங்கி வழிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. சாயங்காலம் அவனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "சரி, அடுத்த வாட்டி எங்கிட்ட மட்டுமாவது உண்மைய சொல்லுணா" என்றான்.

சரியாகத்தான் சொன்னான். காக்கைக்குத் தெரியக்கூடாது என்று வைத்த ரகசியத்தை, காப்பாற்ற வந்தவர்களிடமும் மறைத்துவிட்டேன். நீங்களும் சில சமயம் இப்படிச் செய்வதில்லையா? யாரோ ஒருவர் கேலி செய்வார் என்று பயந்து, வீட்டில் எல்லாரிடமும் ஒன்றை மறைத்து வைப்பது... ரகசியம் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் டிராக்டர் ஓட்டுகிறவருக்கு மட்டும் சொல்லிவிடுங்கள்.

அஞ்சரை மணி பஸ்ஸில் தனுஷா இறங்கினாள். நான் முழித்த முழியைப் பார்த்தே, என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டாள். பஸ் ஸ்டாப்பிலேயே எல்லாவற்றையும் சொன்னேன், விடாமல். அழுவாள் என்று நினைத்தேன். பையைக் கீழே வைத்துவிட்டு, "கேமராவக் குடு" என்றாள்.

திரையைக் கைகளால் மறைத்து நிழல் பண்ணிக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். ஒரு படத்தில் நிறுத்தினாள். அதில் பெரிய ஆள்காட்டி பாதி மடங்கி நிற்கிறது. வயிற்றுக்கடியில் குஞ்சு எதுவும் தெரியவில்லை. கால்கள் மட்டும் தெரிகின்றன. குச்சி குச்சியாக, நிறையக் கால்கள்.

விரலை வைத்து எண்ணினாள்.

"எட்டு காலு நைனா. ரெண்டு பெருசோடது. மீதி ஆறு." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆறுன்னா மூணு."

"ஆமா."

"இன்னொண்ணு?"

"தெரியலம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு இன்றைக்கு ஆறு நாள். காலையும் மாலையும் மோட்டார் ரூம் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து எண்ணுகிறோம். மூன்று, மூன்று, மூன்று. ஒவ்வொன்றும் கோழிக்குஞ்சைவிடச் சின்னது. ஓடும்போது கால் மட்டும்தான் இருக்கிற மாதிரி இருக்கும். நேற்று ஒன்று எங்கள் தொட்டி ஓரம் வரை வந்து, ஓர் எறும்பைத் துரத்தித் தோற்றுப்போனது. ஏகாம்பரம் அண்ணன்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தத் தீவை அடுத்த நடவு வரைக்கும் அப்படியே விடச் சொல்லிவிட்டார்.

எனக்கு இப்போதுதான் சோறு இறங்குகிறது.

ஆனால் நான்காவது? பொரிக்காமலே மண்ணுக்குள் போனதா, பொரித்து நடக்கும்போது பின்தங்கிவிட்டதா, பருந்து எடுத்ததா – எனக்குத் தெரியாது. அந்த ஒரு துண்டு ஓட்டுக்கு மேல் எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இதை எழுத உட்கார்ந்தபோது செல்வி பிரிட்ஜ் மேல் இருந்த கடிதத்தைக் காட்டினாள். அந்தக் குழந்தை நான்கு பெயர் எழுதியிருக்கிறாளே, நாலு என்றே எழுதிவிடு, படத்தில் யார் கால் எண்ணப்போகிறார்கள் என்றாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. உங்களையெல்லாம் சந்தோஷப்படுத்துவது கஷ்டமான வேலையா? ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

தனுஷா வால் படங்களின் நோட்டில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"மூணுன்னே எழுது நைனா. நாலுன்னு எழுதிட்டா, அந்த ஒண்ண அப்பால யாரும் தேட மாட்டாங்க."

மூன்று, பிள்ளைகளே. மூன்றும் நன்றாக ஓடுகின்றன.